சீட்டுக்கு அடியில் சீனி டின்

கொட்டாஞ்சேனையில் அழகுமுத்து குடியிருக்கும் தொடர்மாடியில் அவரைப் படிக்கட்டில் கண்டால் ஆட்கள் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். அவர் சண்டைக்காரர் இல்லை, குடிகாரரும் இல்லை. அவருடைய ஒரே குற்றம் கொங்கிரீட்டைப் பற்றிப் பேசுவது. "மேல் வீட்டுச் சிலெப் இன்னும் காயல்ல போல" என்று, புதிதாகப் போட்ட கொங்கிரீட் தளத்தைப் பற்றி யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அழகுமுத்து இரண்டு படி இறங்கி வந்து வழியை மறித்துக்கொள்வார்.

"காயுறதில்லைங்க," என்பார். "துணி காயும், கருவாடு காயும். கொங்கிரீட்டு காயாது. அது குடிக்கும்."

மாட்டிக்கொண்டவர் சிரித்து வைப்பார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அழகுமுத்து தொடங்குவார்.

"சுண்ணக்கல்லத் தோண்டுறான். களிமண்ணையும் சேத்து, ரயில் பெட்டி கணக்கா நீளமான சூளையில போட்டு உருட்டி உருட்டி எரிக்கிறான். அடுப்பு நெருப்பு இல்லைங்க, இரும்பே இளகுற நெருப்பு. வெளிய வரும்போது கருப்புக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அதோட கொஞ்சம் ஜிப்சம் சேத்து மாவா அரைச்சா அதான் சீமெந்து. அம்புட்டு நெருப்புல கெடந்ததுக்குத் தாகம் எடுக்குமா எடுக்காதா? தண்ணியக் கண்டா விடாது. குடிச்சுக் குடிச்சு, மணலையும் கல்லையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அதுவும் கல்லாயிரும். அதனாலதான் சிலெப் போட்டுட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கச் சொல்றது. காய விட்டா வெடிக்கும்."

இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது எதிரே நின்றவர் ஒரு மாடி மேலே போயிருப்பார். அழகுமுத்துவுக்கு அது தெரியும். "நம்ம பேச்சக் கேட்டு நின்னவன் சீமெந்துக்கு முந்தி இறுகிப் போவான், ஓடுறதுதான் புத்தி" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். தன்னைக் கிண்டல் செய்யும் வேலையை அவர் பிறரிடம் விட்டு வைத்ததில்லை.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடையொன்றில் சீமெந்து மூட்டை தூக்கினார். பிறகு இரத்மலானையில் கொங்கிரீட் கலந்து லொறியில் அனுப்பும் பிளான்ட் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் படிப்பும் இல்லை, பலமும் இல்லை. ஒல்லி. மிக்ஸர் லொறியின் முதுகில் சுற்றுகிறதே ஒரு பெரிய டிரம், அதன் பக்கத்தில் உள்ள சின்னக் கதவுக்குள் நுழையக்கூடிய உடம்பு அப்போது அவருக்கு மட்டுந்தான் இருந்தது.

டிரம்முக்குள் சுருள்சுருளாக இரும்புத் தகடுகள் இருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் கலவையை உள்ளே இழுக்கும், மறுபக்கம் சுற்றினால் வெளியே தள்ளும். ஓடாமல் நின்றுபோன டிரம்மில் கலவை அந்தத் தகடுகளைப் பிடித்து இறுகிவிடும். அப்போது ஒரு மனிதன் உள்ளே போய், கல்லுடைக்கும் பிரேக்கர் மெஷினால் அதைக் கொத்தி எடுக்க வேண்டும். உள்ளே காற்று கிடையாது, தூசு மட்டும். சத்தம் காதில் நுழைந்து பல்லில் நிற்கும். வெளியே வந்தால் இரண்டு நாளைக்கு மனைவி பேசுவது கேட்காது. "அது ஒண்ணுதான் அந்த வேலையில இருந்த சௌகரியம்" என்பார் அழகுமுத்து. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவருடைய கை தானாக நெஞ்சைத் தடவும். அந்த இருட்டுக்குள்ளிருந்து தப்பிக்கத்தான் கனரக வாகன லைசன்ஸ் எடுத்தார். டிரம்முக்கு உள்ளே இருந்தவர் டிரம்முக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் கண்ட பதவி உயர்வு அந்த ஒரு லொறியின் நீளந்தான்.

அந்த நீளமும் பறிபோகலாம் என்று போன வருடம் மனேஜர் பயமுறுத்திவிட்டார். யாரோ ஒரு டிரைவர் வழியில் தூங்கி, டிரம் முழுவதும் கல்லாகப் போனது. அடுத்த நாள் காலை மனேஜர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி ஒரே ஒரு சட்டம் போட்டார்: இனிமேல் எவருடைய டிரம் இறுகுகிறதோ, அவரே உள்ளே போய் உடைக்க வேண்டும். அதன் பிறகும் அவருக்கு அந்த வேலைதான், லொறி கிடையாது. அழகுமுத்து தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய வயிறு. இனி டிரம்முக்குள் போனால் தலையும் காலும் உள்ளே போகும், வயிறு வெளியில் நின்று வேடிக்கை பார்க்கும் என்று பக்கத்தில் நின்ற புவாத்திடம் சொன்னார். புவாத் மாளிகாவத்தைக்காரர், அதே பிளான்டில் இன்னொரு லொறி ஓட்டுகிறவர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அழகுமுத்து சிரித்த மாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

டிரம் இறுகாமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அது சீனி. தேத்தண்ணிக்குப் போடுகிற அதே சீனி. கொஞ்சம் சீனியைத் தண்ணீரில் கரைத்து டிரம்முக்குள் ஊற்றிச் சுற்றவிட்டால், அது சீமெந்துத் தூளின் மேல் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் குடிக்க விடாது. குடிக்காத சீமெந்து இறுகாது. கலவை கட்டடத்துக்கு உதவாமல் போகும், ஆனால் டிரம் பிழைக்கும். ஆகவே ஒவ்வொரு லொறியிலும் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையச் சீனி வைத்திருப்பது பிளான்டின் வழக்கம். ஆபத்துக்கு மட்டும்.

அழகுமுத்துவின் லொறிக்கு ஆபத்து வந்ததேயில்லை. ஆபத்து வந்தது அழகுமுத்துவுக்கு. கிளினிக்கில் சீனி வியாதி என்றார்கள். அன்றிலிருந்து மனைவி ஜெயராணி வீட்டில் சீனிப் போத்தலைக் கண்ணில் படாமல் வைத்தாள். காலையில் பிளாஸ்க் நிறைய வெறும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். ஜெயராணியின் அப்பாவுக்கு இதே வியாதிதான். பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை போய்விட்டது. ஆகவே இந்த விஷயத்தில் அவளோடு பேச்சுக்கு இடமில்லை.

அழகுமுத்துவும் பேசவில்லை. அவர் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு போனார். சைட்டில் கலவையை இறக்கக் காத்திருக்கும்போது மூடியில் பிளேன்டீயை ஊற்றினார். சீட்டுக்கு அடியில் கையைவிட்டு ஒரு கரண்டி சீனியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒரு நக்கு, ஒரு மடக்கு. தேத்தண்ணியில் கலக்கவில்லை பாருங்கள், கையில்தானே வைத்தோம், அது கணக்கில் வராது என்பது அவருடைய முதல் நியாயம். வீட்டுச் சீனியைத்தானே டொக்டர் நிறுத்தச் சொன்னார், இது கம்பெனிச் சீனி என்பது இரண்டாவது. குறைந்ததை வாங்கி நிரப்பிவிடுவோம் என்பது மூன்றாவது. மூன்றாவது நியாயத்தை மட்டும் அவர் செயலில் காட்டவில்லை.

இடையில் புதுச் சப்பாத்து கடித்து இடது கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஜெயராணி கேட்டபோது "அதெல்லாம் ஆறிருச்சு" என்றார். ஆறவில்லை. சப்பாத்துக்குள் போடும் மேஸில், அந்தக் காலுறையில், கறை பட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று, வேலை முடிந்து வந்ததும் மேஸைத் தானே கழுவிப் பல்கனியில் போட்டார். தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

இந்த நிலையில் ஆடிவேல் வந்தது, கொழும்பு வீதிகளில் முருகன் தேர் போகும் திருவிழா.

அன்று அவருக்குக் கிடைத்த லோட் கொட்டாஞ்சேனைக்கு. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே எழும்பும் ஒரு தொடர்மாடியில் சிலெப் போடுகிறார்கள். பிளான்டில் லொறிகளுக்கு வழி சொல்லும் றேணுகா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து எச்சரித்தாள்.

"அண்ணே, இண்டைக்கு வேல். காலி வீதியால போகாதேங்கோ, தேர் வருகுது, மூடிப்போடுவாங்கள். தெஹிவளையில உள்ள திரும்பி பேஸ்லைன் ரோட்டால போங்கோ. புவாத் அண்ணனும் உங்களுக்கு முன்னால அதாலதான் போறார்."

"சரிம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார் அழகுமுத்து.

தெரியும். தெஹிவளையில் திரும்ப வேண்டிய இடம் வந்தது. புவாத்தின் லொறி திரும்பியது. அழகுமுத்து காலி வீதியிலேயே நேரே போனார். பக்தியா என்றால், இருக்கத்தான் செய்தது, தேரைத் தூரத்திலிருந்து கண்டு கும்பிடலாம் என்று மனதில் ஒரு மூலையில் இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் சர்பத் இருந்தது. வேலுக்கு வெள்ளவத்தை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். ரோஸ் பாகும் கசகசாவும் போட்ட குளிர்ந்த சர்பத்தை வாகனங்களுக்கே கொண்டுவந்து நீட்டுவார்கள். சாமி பேரால் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் பாவம். ஜெயராணி வேலை செய்யும் சாரிக்கடையின் பந்தலும் அங்கேதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் வெள்ளவத்தை தொடங்கும் பாலத்தடியில் இருக்கும் முதல் பந்தலில் குடித்துவிட்டு, கடைப் பந்தல் வருவதற்கு முன் உள் தெருவில் திரும்பிவிடுவதென்று திட்டம் போட்டிருந்தார்.

திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல் டம்ளரோடு நிறுத்தியிருந்தால்.

இரண்டாவது டம்ளரை வாயில் வைத்திருக்கும்போது பொலிஸ்காரர் ஒருவர் விசில் ஊதி, உள் தெருவுக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினார். பின்னால் பஸ்கள். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட!" என்று முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அழகுமுத்து போனார். கொஞ்ச தூரந்தான். அதற்குமேல் சனம், பூக்கூடை, தேங்காய்க் குவியல், நாதஸ்வரம். லொறி நின்றது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் சீலை கட்டிய பந்தல், "ஏகப்பன் டெக்ஸ்டைல்ஸ்" என்று பெயர்ப்பலகை, அதன் கீழே கரண்டியும் கையுமாக ஜெயராணி.

அவள் பார்க்கவில்லை. அழகுமுத்து சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கி உட்கார்ந்தார். சுற்றுகிற டிரம்மைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒளிய முடியாது என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

நேரம் போனது. தேர் வரவில்லை. வெயில் டிரம்மைச் சுட்டது. கொட்டாஞ்சேனை சைட்டிலிருந்து என்ஜினியர் நிரோஷன் போன் எடுத்தார்.

"அண்ணே, எங்க நிக்கிறீங்கள்? பம்ப் சும்மா நிக்குது."

"கிட்ட வந்துட்டேன் தம்பி," என்றார். கிட்டத்தான். சர்பத்துக்குக் கிட்ட.

பிறகு டிரம்மின் சத்தம் மாறியது. நல்ல கலவை சுற்றும்போது சளசளவென்று கஞ்சி கொதிக்கிற மாதிரிக் கேட்கும். இப்போது கட்டிகட்டியாக விழும் சத்தம், தொப், தொப் என்று. அந்தச் சத்தம் எங்கே போய் முடியும் என்று தெரிந்த காது அது. அந்தச் சமயம் பார்த்து றேணுகாவும் போன் எடுத்தாள்.

"அண்ணே, பேஸ்லைன் ரோட்டில உங்களக் காணேல்ல எண்டு புவாத் அண்ணன் சொல்றார். நீங்கள் எங்க?"

போன் வழியாக நாதஸ்வரம் பதில் சொன்னது.

"ஐயோ அண்ணே," என்றாள் றேணுகா. "சரி, விடுங்கோ. சிலெப்புக்கு வேற லோட் அனுப்புறன். நீங்கள் டின்னைத் திறந்து சீனியைக் கரைச்சு ஊத்துங்கோ. டிரம் போனா மனேஜர் விடமாட்டார், உங்களுக்குத் தெரியுந்தானே."

அழகுமுத்து சீட்டுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தார். அதன் எடையிலேயே தெரிந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கரண்டி கிடந்தது. மூலையில் ஒட்டியிருந்த கொஞ்சச் சீனியை எறும்புகள் எடுத்துக்கொண்டு போயின. தான் விட்டு வைத்ததே அவ்வளவுதான் என்று எண்ணியபோது, இந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. சின்னக் கதவு, இருட்டு, தூசு, பல்லில் நிற்கும் சத்தம். பக்கத்துக் கடைகளைப் பார்த்தார். நகைக்கடை, சாரிக்கடை. பலசரக்குக் கடை தேருக்காகக் கதவைச் சாத்தியிருந்தது. சீனி இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஜெயராணி நின்றாள்.

இறங்கினார். நொண்டாமல் நடக்க முயன்றார்.

"ராணி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. பிறகு கண் லொறியில் போய் நின்று திரும்பியது. "என்னாங்க, இந்தப் பக்கம்?"

"ரோட்டு மூடிட்டான். டிரம்மு இறுகுது. கொஞ்சம் சீனி வேணும் புள்ள."

"லொறியில டின்னு இருக்குமே? நீங்கதானே சொல்லுவீங்க?"

மாடிப்படியில் நின்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்ததன் பலன் அது. வீட்டில் அவர் சொன்னதை ஒரே ஒரு ஆள் ஒழுங்காகக் கேட்டு வைத்திருந்தாள்.

"இந்த மாசம் கம்பெனியில குடுக்கல," என்றார்.

ஜெயராணி அவருடைய முகத்தையே பார்த்தாள். கண்ணை அல்ல, மீசையை. அழகுமுத்து கையால் தடவிப் பார்த்தார். மீசை ரோஸ் நிறத்தில் ஒட்டியது, விரலில் ஒரு கசகசா வந்தது.

பின்னால் லொறி தொப்பென்று ஒரு சத்தம் போட்டது. இனிப் பொய் சொல்ல நேரமில்லை.

"நாந்தான் தின்னுட்டேன்," என்றார். "டின்னு பூரா. கொஞ்சம் கொஞ்சமா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஜெயராணி கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "எங்கப்பாவும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு," என்று மெல்லச் சொன்னாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாகு இருந்த பரலை, அந்தப் பெரிய பீப்பாயைப் பார்த்தாள். மூட்டைச் சீனி எல்லாம் காலையிலேயே பாகாகக் காய்ச்சியாகிவிட்டது. ரோஸ் நிறத்தில் அரைப் பரல் இருந்தது.

"இது போதுமா?"

"போதும். வாளியில தண்ணி கலந்து ஊத்தலாம்."

கடை முதலாளி ஏகப்பன் ஓடிவந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "என்னம்மா இது, சாமி கும்பிட வர்ற சனத்துக்கு வச்சதை லொறிக்கு ஊத்துறதா?"

"முதலாளி, தேர் வர்ற வழியில இந்த லொறி கல்லா நின்னு போச்சுன்னா தேரு எப்பிடி வரும்?" என்றாள் ஜெயராணி.

முதலாளி தேர் வரும் திசையை எட்டிப் பார்த்தார். அழகுமுத்து அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் முப்பது வருடப் பழக்கம். "இல்ல புள்ள, லொறி ஓடும், டிரம்முக்குள்ள மட்டுந்தான்..." என்று விளக்கத் தொடங்கினார். ஜெயராணி அவருடைய காலை மிதித்தாள். நல்லவேளை, வலது கால்.

"எடுங்க, எடுங்க!" என்றார் ஏகப்பன் முதலாளி. "தேர் நிக்கக் கூடாது!"

வாளிகள் கிளம்பின. லொறியின் பின்னால் ஏணி இருக்கிறது, ஏறினால் டிரம்மின் வாய். அழகுமுத்து ஏறி மேலே நின்றார். கீழே வரிசையில் நின்ற ஆட்களே கைமாற்றி வாளியை அனுப்பினார்கள். வரிசையின் முன்னால் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், கையில் அர்ச்சனைத் தட்டோடு, அண்ணாந்து கேட்டார்.

"தம்பி, உதுக்குள்ள என்ன கிடக்கு?"

"கொங்கிரீட்டும்மா."

"அதுக்கேன் சர்பத்து?"

அழகுமுத்து வாளியைக் கையில் பிடித்தபடி, "சீமெந்து இருக்கே, அது தண்ணி குடிக்கும்..." என்று ஆரம்பித்தார். ஜெயராணி கீழேயிருந்து, "ஊத்திட்டுப் பேசுங்க!" என்று கத்தினாள். சனம் சிரித்தது. அம்மா தன் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, "ஓம், ஓம், பிடியுங்கோ வாளியை, பிறகு கதைக்கலாம்" என்று வரிசையை நடத்தத் தொடங்கினார். கடைசி வாளி உள்ளே போனதும் அழகுமுத்து இறங்கிவந்து டிரம்மை வேகமாகச் சுற்றவிட்டார். முதலில் தொப் தொப். அப்புறம் ஒரு புரளல். அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக, சளசள.

யாரோ "அரோகரா!" என்றார்கள். தேருக்கா டிரம்முக்கா தெரியவில்லை, கூட்டம் முழுக்க அதை வாங்கிக்கொண்டது. அழகுமுத்துவுக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

லொறியை ஓரம் கட்டித் தேருக்கு வழிவிட்டார். தேர் போய் வீதி திறந்ததும் பொலிஸ்காரர் அந்த லொறியைத்தான் முதலில் திருப்பி அனுப்பினார். பிளான்டின் பின் சுவரோரம் கலவையைக் கொட்டினார்கள். டிரம் கழுவின பாத்திரம் மாதிரி இருந்தது. மனேஜர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார், ஆனால் லொறியை எடுக்கவில்லை. இறுகினால்தானே சட்டம். மறுநாளிலிருந்து பிளான்டில் அவருக்குப் பெயர் சர்பத் அண்ணன். அந்தப் பெயரைப் பரப்பினதில் பாதி அவரே.

ஜெயராணி புது டின் ஒன்றைத் தன் கையால் நிரப்பிக் கொடுத்தாள். அழகுமுத்து ஆசையோடு திறந்து பார்த்தார். சீனி செக்கச்செவேலென்று இருந்தது. பாதிக்குப் பாதி மிளகாய்த்தூள்.

"கொங்கிரீட்டுக்கு உறைப்புத் தெரியாது," என்றாள் அவள். "ஒங்களுக்குத் தெரியும்."

அப்படியும் ஒருமுறை நக்கிப் பார்த்தார். அதற்கு மேல் அந்த டின்னை அவர் தொடவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து பின் சுவரோரம் புவாத்தோடு நடந்து போனார். மிச்சக் கலவைகளை அங்கேதான் கொட்டுவார்கள். மற்றக் குவியல் எல்லாம் ஒரே நாளில் கல்லாகியிருந்தன. சர்பத் குவியல் மட்டும் ஈரமாக மினுங்கியது. புவாத் அதைக் காலால் தட்டினார்.

"என்ன மாமா இது, ஒங்கட சர்பத்து இன்னமும் எளகிக்கொண்டு ஈக்கி?"

அழகுமுத்து பெருவிரலால் அமுக்கினார். குழி விழுந்தது. அவருக்குக் குஷி பிறந்துவிட்டது, பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டதே.

"பாத்தியா? சீனி என்னா செய்யும் தெரியுமா? சத்தமே போடாது. ஒவ்வொரு துணுக்கா போயி ஒட்டிக்கிரும். ஒண்ணோட ஒண்ணச் சேர விடாது. வெளிய பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா தொட்டுப் பாரு, சேரவே இல்ல. நாள் போகப் போக..."

நிறுத்தினார். இடது சப்பாத்துக்குள் பெருவிரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அது காலையிலிருந்தே தெறிக்கிறது. அவர்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் கிடந்த கொங்கிரீட் கல்லொன்றில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார், மேஸை உருட்டினார், பிளாஸ்டரைப் பிரித்தார். வந்த அன்றைக்கு இருந்ததைவிடப் புண் பெரிதாக இருந்தது. ஓரம் கறுத்திருந்தது.

"என்ன மாமா, கத நிண்டு போச்சு?" என்றார் புவாத். "சொல்லுங்களே."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதர் அவரைத் தொடர்ந்து பேசச் சொல்கிறார். அழகுமுத்து போனை எடுத்தார்.

"ராணி," என்றார். "கால்ல புண்ணு ஆறிருச்சுன்னு சொன்னேன்ல. ஆறல. பயமா இருக்கு."

மறுபக்கம் கடையில் யாரோ சாரிக்கு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயராணி கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள்.

"தெரியும். நாளைக்குக் காலைல கிளினிக்கு. நான் முதலாளிகிட்ட லீவு கேட்டுட்டேன், நீங்களும் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கும் நீங்களா வாயத் தொறக்கலைன்னா நாளைக்கு இழுத்துக்கிட்டுத்தான் போயிருப்பேன்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கலியாணம் கட்டுன நாள்லயிருந்து ஒரு மேஸ் கழுவாத மனுசன்," என்றாள் ஜெயராணி, குரல் இப்போதுதான் உடைந்தது, "தெனம் வந்து கழுவிக் காயப் போடுறீங்க. எனக்குத் தெரியாதாக்கும்?"